குழாய் திரும்பிய பக்கம்

பிப்ரவரி 11

தென்னைக்குத் தண்ணீர் திருப்பப் போனால் தோட்டத்துக்குள் சிவப்புப் பெயின்ட் அடித்த கற்கள். கேட்கவில்லை, சொல்லவில்லை. கிணற்று மேட்டிலிருந்து கிழக்கு வேலிவரை ஒரே நேராக நட்டு வைத்திருக்கிறார்கள். வரப்பில் நின்று டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தவன், "எண்ணெய்க் குழாய் போகுதும்மா. கல்லைப் புடுங்கினா கேஸ் ஆயிடும்" என்றான்.

"கேக்காம வந்து நட்டவங்க மேல கேஸ் இல்லீங்களா?"

சிரித்தான்.

குழாய் மண்ணுக்கடியில்தான் போகுமாம். ஆனால் அதற்கு மேலே மரம் இருக்கக் கூடாது, கிணறு இருக்கக் கூடாது, வீடு கட்டக் கூடாது. நிலம் என் பெயரிலேயே இருக்குமாம். பெயரை வைத்துக்கொண்டு நாக்கு வழிக்கவா?

பிப்ரவரி 15

ரைஸ்மில் களத்தில் கூட்டம். தேங்காய் மண்டி குமரகுரு அண்ணன்தான் போராட்டக் குழுத் தலைவர். நம் ஊர் வழியாகக் குழாய் வரக் கூடாது என்று பேசினார். கை தட்டினார்கள். நான் எழுந்தேன்.

"நம்ம ஊரு மட்டும் இல்லீங்கண்ணா, எந்த ஊரு வழியாவும் வேண்டாம்னு சொல்லோணும். மழை தப்பி, வெயிலு இப்படிக் கொளுத்தறதே எண்ணெயையும் கரியையும் எரிச்சு எரிச்சுத்தானுங்களே. இன்னமும் அதுக்கே குழாய் போட்டா?"

பின்னாலிருந்து ஒருவன்: "ஏனுங்க வசந்தாமணியக்கா, மாமன் லாரிய மோர் ஊத்தியா ஓட்டுறாரு?"

களம் முழுக்கச் சிரிப்பு. குமரகுரு அண்ணனும்தான்.

ஆமாம், என் வீட்டுக்காரர் லாரி டீசலில்தான் ஓடுகிறது. அதில்தான் சோறு தின்கிறோம். அதனால் என்ன? லாரிக்காரன் பெண்டாட்டிக்கு வெயில் உறைக்காதா? போன கோடையில் மட்டை தொங்கிச் செத்தது என் தென்னை இல்லையா? அங்கேயே கேட்டிருக்க வேண்டும். அப்போது வாய் வரவில்லை. இப்போது வருகிறது, யாருக்கு?

பிப்ரவரி 16

கல்லையெல்லாம் பிடுங்கி ரோட்டில் எறிந்துவிட்டேன்.

மார்ச் 3

கல்லைப் பிடுங்கியதற்குப் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார வைத்தார்கள். ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் வந்து வாசலை அடைத்து உட்கார்ந்துகொண்டார்கள். சாயங்காலம் கேஸ் போடாமலே அனுப்பிவிட்டார்கள். தேர்தல் வருகிறதே! பயம். அந்தப் பயத்தை விட்டுவிடக் கூடாது என்று வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். இன்றே ஆளுக்கொரு பிரஷ் எடுத்தோம். ஒவ்வொரு வாசற்சுவரிலும் எழுதியாகிவிட்டது: குழாயை நிறுத்தாதவருக்கு இந்த வீட்டில் ஓட்டு இல்லை.

மார்ச் 22

வீட்டுக்காரர் நாக்பூரிலிருந்து போனில் பேசினார். "டிரைவருங்க வாட்சப்பு பூரா உம் போட்டோதான். லோடு குடுக்கறவங்க என்னையக் கேக்கறாங்க."

"நிறுத்தச் சொல்றீங்களா?"

"அப்படியா சொன்னேன்? பாத்து நட சாமி, அவ்வளவுதான்."

ஏப்ரல் 5

எம்.எல்.ஏ. ஓட்டுக் கேட்டு வந்தார். பிரசார வேன், மேளம், சால்வை. ஆரத்தி எடுக்க ஒருத்திகூடப் போகவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். மேளக்காரர்களுக்கே அடிக்கக் கூச்சமாகிவிட்டது. அவர் இறங்கி என்னிடம் வந்தார்.

"உங்க பிரச்சினை எனக்குத் தெரியுமுங்க. பாத்துக்கலாம்."

"கல்லு நட்டப்ப எங்க போயிருந்தீங்க? பாத்துக்கலாம்னு சொல்லிப் போட்டுப் போறதுன்னா, ஓட்டையும் நாங்க அப்படியே பாத்துக்கறோமுங்க."

முகம் கறுத்துவிட்டது. திரும்பி வேனில் ஏறியபோது கை ஆட்ட மறந்துவிட்டார்.

ஏப்ரல் 12

எம்.எல்.ஏ. மைக்கில் அறிவித்தார். குழாய் நம் ஊர் வழியாக வராது. ஒரே வெடிச்சத்தம். என்னையும் தூக்காத குறை. நானும் அழுதேன், சிரித்தேன். பிறகுதான் கேட்கத் தோன்றியது: அப்படியானால் எந்த வழி?

நாமக்கல் பக்கமாகச் சுற்றி, எருமப்பட்டிக் காடு தோட்டங்கள் வழியாக.

எருமப்பட்டி வேறு தொகுதி. அங்கே இவருக்கு ஒரு ஓட்டும் கிடையாது. அவ்வளவுதான் கணக்கு. த்தூ.

ஏப்ரல் 13

குமரகுரு அண்ணனிடம் சண்டை.

"நம்ம தோட்டம் தப்பிச்சுதா இல்லியா அம்மிணி? அது போதாதா?"

"அவங்களுக்கும் கெணறு இருக்குதுங்கண்ணா."

"அதுக்கு அவங்க போராடட்டும். ஊரு ஒலகத்துக்கெல்லாம் நாம மாரடிக்க முடியுமா?"

இவரா எங்கள் தலைவர்? வாசற்சுவர்களுக்கெல்லாம் வெள்ளையடிக்கிறார்கள். என் சுவரைத் தொட விடவில்லை.

ஓட்டு நாள்

நோட்டா. ஊரில் மற்றவர்கள் வரிசை கட்டி எம்.எல்.ஏ.வுக்கே போட்டார்கள்.

மே மாதம், தேதி எதுவாக இருந்தால் என்ன

ஜெயித்துவிட்டார். எங்கள் பூத்தில்தான் அதிகமாம். லட்டு கொண்டுவந்தார்கள். வாங்கவில்லை. வாங்காமல் என்ன சாதித்தேன்? எருமப்பட்டியில் கல் நட ஆரம்பித்துவிட்டார்கள்.

ஜூன் 7

திருச்செங்கோட்டிலும் நாமக்கல்லிலும் பஸ் மாறி எருமப்பட்டிக்குப் போய்வந்தேன். வெங்காயக் காட்டு ஓரத்தில் பெண்கள் கூடியிருந்தார்கள். முன்னால் நின்றவர் முத்தாயம்மாள். என்னைவிட மூத்தவர், கையில் காட்டு மண் காய்ந்திருந்தது. எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன்.

"உங்க ஓட்டுக்குப் பயந்துதான எங்க காட்டுப் பக்கம் திருப்பி உட்டாங்க? இப்ப வேடிக்கை பாக்க வந்தீங்களா?"

"இல்லீங்கக்கா. திட்டறதுன்னா திட்டிப் போடுங்க. நான் போக மாட்டேன்."

திட்டினார். எல்லோர் முன்னாலும், மூச்சு வாங்கும்வரை. ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. நின்று கேட்டேன். முடித்துவிட்டு, "சோறு தின்னீங்களா?" என்றார்.

செவ்வாய்க்கிழமை நாமக்கல் கலெக்டர் ஆபீஸ் முன்னால் உட்காரப் போகிறார்கள். நானும் போகிறேன். "உங்க ஊர்ல இருந்து இன்னும் யாராச்சும் வருவாங்களா?" என்று பஸ் ஏற்றிவிடும்போது கேட்டார். கேட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

காலையில் குமரகுரு அண்ணன் மண்டிக்குப் போக வேண்டும்.