மூன்றாவது சிவப்புப் புள்ளி

இன்று காலை ஷிப்டில் நெயில் பாலிஷ் மூடியைத் திறந்தேன். வாடை அடித்ததும் நீதான் வந்து நின்றாய். நகத்தில் போட நமக்கு அனுமதி இல்லை. மைக்ராஸ்கோப்பில் கண் வைக்கும் இடத்து வளையத்தில் புள்ளி வைக்கத்தான் அந்தக் குட்டி பாட்டிலை வைத்திருந்தாய். வளையத்தை எங்கே திருகினால் நம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிறதோ, அங்கே ஒரு சிவப்புப் புள்ளி. அடுத்த ஷிப்ட்காரி திருகிவிட்டுப் போனாலும் கவலையில்லை. "நகத்துக்குத்தான் குடுத்து வைக்கல, இதுக்காவது போட்டு அழகு பாக்கலாம்டி" என்பாய்.

அம்பத்தூரில் நாம் பார்க்கும் வேலையை வெளியே சொன்னால் யாருக்கும் புரியாது. பேனா ரீஃபிலைவிட மெல்லிய குழாயை லேசர் வலைபோல வெட்டித் தரும். இதயத்து ரத்தக்குழாய்க்குள் வைக்கும் ஸ்டென்ட். அதில் பிசிறு இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தோம், பதினோரு வருடம், பக்கத்துப் பக்கத்து நாற்காலியில்.

பிறகு உன் வளையத்தில் இரண்டாவது புள்ளி வந்தது. அதே மாதம் மூன்றாவதும். சர்க்கரை உன் கண்ணில் கைவைத்துவிட்டது என்று அப்போதே எனக்குத் தெரியும். கேட்டால், "கண்ணெல்லாம் நல்லாத்தான் கீது, நீ உன் வேலையப் பாரு" என்று சிரித்தாய். நீ டீ குடிக்கப் போகும்போதெல்லாம் நீ பார்த்து முடித்த ஸ்டென்ட் தட்டை நான் மறுபடி பார்த்துவைப்பேன்.

ஒரு நாள், நீ சரி என்று வைத்த ஒன்றில் பிசிறு நீட்டிக்கொண்டிருந்தது. யாரோ ஒருவர் நெஞ்சுக்குள் போகிற பொருள். நேராக சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னேன். மறுநாளே உன்னைப் பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள். ஆவடி பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்டாய்: "நீ சொன்னது தப்பில்லடி. ஆனா என்னாண்ட மொதல்ல ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நானே போயி சொல்லியிருப்பேன்ல?"

பஸ் வந்தது, ஏறிவிட்டேன். அப்புறமும் ஒன்றாகச் சாப்பிட்டோம், சிரித்தோம். அந்தப் பேச்சை மட்டும் இருவரும் எடுக்கவில்லை. போன வருடம் முத்தாபுதுப்பேட்டையில் உன் வீட்டு வாசலில் உன் பெட்டியைச் சுற்றி கடைசி ஜெபம் நடந்தபோது, வெட்கத்தில் கடைசி வரிசையில் நின்றேன்.

அலுப்பாக இருக்கிறது. இன்று என் வளையத்தில் வைத்தது மூன்றாவது புள்ளி. நீ மேசையில் விட்டுப்போன அதே பாட்டில்தான், கெட்டியாகிவிட்டது. இரண்டாவது புள்ளி போன வாரம் வைத்தது. புள்ளியை மாற்றியும் ஓரமெல்லாம் மங்கல்தான். என் தட்டை மறுபடி பார்த்துவைக்க பக்கத்து நாற்காலியில் ஆள் இல்லை. இன்றைய தட்டைத் தனியே எடுத்து வைத்துவிட்டேன். போன வாரத்துத் தட்டுகளையும் இன்னொருத்தி பார்க்க வேண்டும். என்னையும் பேக்கிங்குக்குத் தள்ளுவார்கள். தள்ளட்டும்.

டீ நேரம் முடியப் போகிறது. சூப்பர்வைசர் அறைக்குப் போக வேண்டும். அதற்குள் கேன்டீனில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இந்த முறை முதலில் உன்னிடம்தான் சொல்கிறேன்டி.