கைப்பட்டையில் இருந்த நம்பர்

மைசூரு
30.9.2024

கொள்ளேகாலில் இருக்கும் உங்களுக்கு,

‘ஏங்க’ என்று கூப்பிட்டே பழகிய வாய். பிரிந்து இருக்கும்போது அதைக் காகிதத்தில் எழுதலாமா என்று தெரியாமல் இப்படித் தொடங்கியிருக்கிறேன்.

டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்துவிட்டேன். நீங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டுப் போனதாக நர்ஸ் சொன்னாள். போன் செய்திருக்கலாம்தான். செய்தால் என் குரல் குழறுகிறதா என்று கேட்பீர்களே தவிர, நான் சொல்வதைக் கேட்க மாட்டீர்கள்.

நடந்தது எனக்கே மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். இன்சுலின் போட்டுக்கொண்ட பிறகு சாப்பாடு தள்ளிப்போய், சர்க்கரை இறங்கிவிட்டது. தசராவுக்குச் சாமான் வாங்க தேவராஜ மார்க்கெட் போயிருந்தேன். அங்கே வாழைப்பழக்காரரிடம் சண்டை போட்டேனாம், சில்லறையை விசிறியடித்தேனாம். கால் தள்ளாடியதும், குடித்திருக்கிறாள் என்று எல்லோரும் விலகி நின்றார்களாம். பூ விற்கும் பாப்பாயி அம்மாதான் கையைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறார். பிடித்த கையில் எவர்சில்வர் பட்டை தட்டுப்பட, பக்கத்தில் நின்ற காலேஜ் பெண்ணைப் படிக்கச் சொல்லியிருக்கிறார். என் பெயர், சர்க்கரை நோய், இன்சுலின். அதற்குக் கீழே உங்கள் நம்பர்.

நீங்கள் உங்கள் அக்கா வீட்டுக்குப் போய் நாலு வருஷம் ஆகிறது. நம்பரை மாற்ற வேண்டும் என்று அவ்வப்போது தோன்றும், அப்படியே விட்டுவிடுவேன். அதனால் உங்களுக்கு அலைச்சல். நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன்.

காவேரி


கொள்ளேகால்
8.10.2024

காவேரிக்கு,

உன் கடிதம் கடை விலாசத்துக்கு வந்தது. பட்டு நூல் மூட்டை மேல் உட்கார்ந்து படித்தேன். அலைச்சல் என்றெல்லாம் எழுதாதே.

தெரியாத நம்பர். எடுத்தால் மார்க்கெட் இரைச்சல். அந்தப் பெண் கன்னடத்தில் உன் பெயரைச் சொன்னதும் எனக்குப் புரிந்துவிட்டது. “விழுங்குகிறாளா பாரும்மா. விழுங்கினால் சர்க்கரை கொடு. நினைவு தப்பினால் வாயில் எதுவும் போடாதே” என்றேன். ஆம்புலன்ஸ் வரும்வரை போனை வைக்கவில்லை. பஸ் நரசிபுரம் தாண்டிய பிறகுதான், கடையில் சொல்லாமல் கிளம்பி வந்தது ஞாபகம் வந்தது.

வார்டு வாசலில் நர்ஸ் நிறுத்தி, “நீவு ஏனாகபேகு?” என்றாள். உனக்கு நான் என்ன உறவு என்று அவளிடம் எப்படிச் சொல்வது? “அந்தப் பட்டையில் இருக்கிற நம்பர் நான்தான்” என்றேன். அவள் வேறு கேள்வி கேட்கவில்லை. நீ தூங்கிக்கொண்டிருந்தாய். விழித்ததும் என்னைப் பார்த்து முகம் சுளித்துவிட்டால் என்ன செய்வது என்று கிளம்பிவிட்டேன்.

அந்தப் பட்டை வாங்கிய நாளை பஸ்ஸில் நினைத்துக்கொண்டே வந்தேன். பாத்திரங்களில் பேர் வெட்டுகிறவர் ஓரத்தில் ஒரு பூவும் போடட்டுமா என்று கேட்டார், கல்யாணச் சீர் என்று நினைத்துக்கொண்டு. அன்று சாயங்காலம் குக்கரஹள்ளி ஏரிக்கரை முழுக்க, தங்க வளையல் போட்டவள் மாதிரி கையை ஆட்டிக்கொண்டே நடந்தாய்.

வேளைக்குச் சாப்பிடு.

மகேந்திரன்


மைசூரு
20.10.2024

ஏங்க,

இந்தத் தடவை எழுதிவிட்டேன்.

ஏரிக்கரையைச் சொன்னீர்கள். எனக்கு உங்கள் சட்டைப் பை ஞாபகம் வந்தது. நான் எங்கே தள்ளாடுவேனோ என்று எப்போதும் சர்க்கரைப் பொட்டலம் வைத்திருப்பீர்கள். ஒருநாள் சினிமாத் தியேட்டரில் எறும்பு ஏறி, நெஞ்சைத் தட்டிக்கொண்டு எழுந்து நின்றீர்கள். பின்வரிசைக்காரர் உங்களுக்கு மாரடைப்பு என்று பயந்துபோய் ஆளைக் கூப்பிடப் போனார். சரஸ்வதிபுரம் வீடு வந்து சேரும்வரை சிரித்தோம்.

அப்படி இருந்தவர்கள் ஏன் பிரிந்தோம் என்று கீழ் வீட்டு ஸ்மிதா கேட்டாள். அவர் குடிப்பாரா, அடிப்பாரா என்றாள். இரண்டும் இல்லை. நான் எதற்குக் கோபப்பட்டாலும் சர்க்கரை பார்க்கிற மீட்டரை எடுத்துக்கொண்டு வருவார் என்றேன். உங்கள் அக்கா என்னைக் குத்திப் பேசிய அன்று நான் அழுதேன். நீங்கள் விரலைக் குத்தி ரத்தம் பார்த்தீர்கள். என் கோபம், என் அழுகை எல்லாமே சர்க்கரையின் கணக்கில் போய்விட்டால், நான் என்று அந்த வீட்டில் யார் இருந்தது?

ஆனால் மார்க்கெட்டில் நான் கத்தியது நிஜமாகவே சர்க்கரைதான். அதைப் பார்த்தவர்கள் விலகிப் போனார்கள். இருபது வருஷம் நீங்கள் விலகாமல் நின்றீர்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

இங்கே வந்துவிடுகிறீர்களா? கடை வேலை மைசூரிலும் கிடைக்கும். கேட்டுவிட்டேன், அவ்வளவுதான்.

காவேரி


கொள்ளேகால்
4.11.2024

அன்புள்ள காவேரி,

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியவில்லை. அக்காவிடம்கூடக் காட்டவில்லை. முதலாளியிடம் கணக்கு முடிப்பது பற்றிப் பேசலாம் என்று இரண்டு தடவை போய், பேசாமல் திரும்பினேன்.

ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. இரண்டாம் பக்கத்தில் உன் எழுத்து சரிந்திருக்கிறது. எழுதும்போது சர்க்கரை பார்த்தாயா? சர்க்கரை குறைந்திருந்த நேரத்தில் எழுதியதை நம்பி நான் மூட்டை கட்டிக்கொண்டு வந்து நின்று, நீ தெளிந்த பிறகு வேண்டாம் என்றால், என்னால் இன்னொரு தடவை தாங்க முடியாது.

பதில் போடு.

உன்
மகேந்திரன்


மைசூரு
17.11.2024

ஏங்க,

பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. கட்டிலில் உட்கார்ந்து மடியில் அட்டை வைத்து எழுதினேன், அட்டை வழுக்கியது. அவ்வளவுதான்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் கோபம் வந்தது. சமையலறையில் ஒரு டம்ளர் நசுங்கிப் போனது. அப்புறம் உட்கார்ந்து அழுதேன். அதற்கும் அப்புறம் உங்கள் பயம் புரிந்தது. இருபது வருஷம் ராத்திரியில் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே தூங்கியவர் நீங்கள். வியர்த்திருந்தால் எழுந்துவிடுவீர்கள். நாலு வருஷம் தள்ளி இருந்தும் உங்கள் கை அதே வேலையில் இருக்கிறது. என்னைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வரப்போகிற ஆபத்தைத்தான் பார்க்கிறீர்கள். அதற்குப் பின்னால் நான் இருப்பது உங்களுக்குத் தெரிவதில்லை.

நேற்று புதுப் பட்டை வாங்கிவிட்டேன். அதில் ஸ்மிதாவின் நம்பர் இருக்கிறது. ஊசி எங்கே, மருந்து எங்கே, யாருக்குச் சொல்ல வேண்டும் எல்லாம் அவளுக்குக் காட்டிக் கொடுத்தேன். பயப்படாமல் கேட்டுக்கொண்டாள். ஆத்திரத்தில் செய்ததாக நினைக்காதீர்கள். பேர் வெட்டுகிறவர் பழைய நம்பரே போதுமா என்று கேட்டபோது, பழைய பட்டையைத் துடைத்துப் பைக்குள் வைத்துவிட்டுத்தான் ஸ்மிதாவின் நம்பரைச் சொன்னேன்.

இனிமேல் எனக்கு ஏதாவது ஆனால் உங்களுக்குப் போன் வராது. தெரியாத நம்பரைப் பார்த்து நெஞ்சு அடித்துக்கொள்ள வேண்டாம். மூட்டை கட்டுவதும் இப்போதைக்கு வேண்டாம். ஆனால் மைசூருக்கு வாருங்கள். யாரும் கூப்பிடாமல், எதற்கும் ஓடி வராமல், எனக்கு ஒன்றுமே ஆகாத ஒரு நாளில் வாருங்கள்.

உங்கள்
காவேரி