நாலரை மணி வரிசை

மடுல்சீமை
12.08.2004

அன்பு மகள் அனுஷ்காவுக்கு, ஆண்டவர் கிருபையால் அப்பாவும் நானும் சுகம், கொழும்பில் நீயும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். அப்பாவின் முழங்கால் வலி மட்டும் குறையவில்லை.

உன் கடிதத்தை வாசித்ததும் எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. பதினான்கு தோட்டத்து ஆபீஸ் கம்ப்யூட்டர்களையும் உங்கள் தலைமை ஆபீசோடு இணைக்கப்போகிற லைன், சாயங்காலம் நாலரைக்கு நெரிசலில் அடைத்துக்கொள்ளும் என்று நீ மென்பொருளில் ஓட்டிப் பார்த்துச் சொன்னாய். உன் ஆபீஸ் பெரிய ஐயாவோ, இலவச மென்பொருளின் கணக்கு இப்படிப் பிழையாகத்தான் இருக்கும், அடைக்காது என்று அறிக்கையை மாற்றிக் கையெழுத்துப் போடு, இல்லாவிட்டால் வேலையை விட்டுப் போ என்றாராம். மாற்றவா அம்மா என்று கேட்கிறாய். மாற்றாதே. இலவசம் என்றால் மட்டமா? அதை யாரும் திறந்து உள்ளே பார்க்கலாம் என்று நீதானே எழுதினாய், அவரையே திறந்து பிழையைக் காட்டச் சொல்.

பிழை அவர் கணக்கில்தான். ஒரு நாளைக்குப் போகிற விபரத்தையெல்லாம் கூட்டி எட்டு மணித்தியாலத்துக்குச் சமமாகப் பிரித்தாராம். கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் ஒருநாள் நின்றிருந்தால் அப்படிப் பிரிப்பாரா? நான் இருபத்திரண்டு வருஷமாக நிற்கிறேன். பாதி நேரம் தராசு சும்மா தொங்கும், அந்தி நாலரை மணி நிறுவைக்கு அறுபது பேரும் கூடையோடு ஒரேயடியாக வந்து நிற்போம், வரிசை ரோட்டு வரைக்கும் போகும். நிறுக்க நிறுக்கத்தானே எந்தத் தோட்டமும் கணக்கை அனுப்பும்?

எங்கள் தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் மதுசூதனன் ஐயாவிடம் போய்ச் சொன்னேன். அவர் மற்றப் பதின்மூன்று தோட்டத்துக்கும் போன் போட்டு விசாரித்துவிட்டு, உங்கட மகள் சொன்னது சரிதான், எல்லாரும் ஒரே நேரத்திலதான் அனுப்புவினம் என்றார். நேரங்களை எழுதித் தந்தார், கையெழுத்துப் போடத்தான் பயந்தார். நான் போட்டுவிட்டேன், இதோடு வைத்திருக்கிறேன்.

புள்ளைக்கு வேலை போயிட்டா என்னா செய்யிறது என்று அப்பா கேட்டார். போனால் போகட்டும் என்றேன். நாளைக்கு லைன் அடைத்தால் உன் பெரிய ஐயாவையா திட்டுவார்கள்? தோட்டத்துச் சனங்களுக்குக் கம்ப்யூட்டர் பாவிக்கத் தெரியாது என்பார்கள். அந்தப் பேச்சுக்கு என் மகளா கையெழுத்துப் போடுவது? இந்தக் கடிதத்தைத் தபாலில் போட அந்த முழங்காலோடு அப்பாதான் நடந்து போகிறார்.

ஆண்டவர் உனக்குத் துணை. நேரத்துக்குச் சாப்பிடு. வேலை போனால் பதுளை ரயிலில் ஏறி நேரே வீட்டுக்கு வா, உன் கணக்கை மட்டும் திருத்தாமல் அப்படியே கொண்டு வா.

நாலரை மணி வரிசையில் நிற்கும்
உன் அம்மா,
றீட்டா