முதுகுக்குள் ஒரு மலை

என் பிள்ளையின் அம்மாவுக்கு,

குவைத்தில் வெயில் கடுமை என்றாய். இங்கே மழை விடவில்லை. நான் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். போனில் பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும், அதனால்தான் எழுதுகிறேன்.

நம் பிள்ளை கவிஷா காலை இழுத்து நடக்கிறாள் என்றேன் அல்லவா? பதுளையில் மருந்தில்லாமல் கையாலேயே எலும்பு, நரம்பைப் பிடித்துவிடும் டாக்டரம்மாவிடம் காட்டினேன். நான் தேயிலை மலையில் மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்டுகிறவன் என்றதும், "அப்போ உங்களுக்கு லேசாப் புரிஞ்சிரும். ஒடம்பும் மலை மாதிரிதாங்க. கான் அடைச்சா தண்ணி தேங்கி மண் எளகி, மலை வெடிச்சுச் சரியும். அடைப்பை நான் எடுக்கிறேன், மிச்சத்த மலையே பாத்துக்கும்" என்றார். எனக்கு அவ்வளவு நிம்மதி. அவர் காட்டியபடி தினமும் அவள் முதுகை நீவிவிட்டேன்.

நேற்று அவர் பிள்ளையின் உள்ளங்காலைக் கிள்ளினார். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"மலை வெடிச்சிருச்சுங்களா?" என்று கேட்டேன்.

"வெடிச்ச பொறகு கான் வெட்டிப் பிரயோசனம் இல்லைங்க. இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

இப்போது பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறோம். முதுகில் ஆபரேஷன் என்கிறார்கள். உன் ஒப்பந்தம் முடியவில்லை என்று தெரியும். வா என்று நான் எழுதவில்லை.

போன மழையில் மேல் லயத்து வீடுகளுக்குப் பின்னால் மலை வெடித்தபோது எல்லோரையும் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனதைப் பிள்ளை மறக்கவில்லை. கட்டிலில் கிடந்தபடி கேட்கிறாள்: "அப்பா, மலை வெடிச்சா லயத்துல இருந்து கூட்டிட்டுப் போயிருவாங்க. என் முதுகுல இருந்து என்னைய எங்க கூட்டிட்டுப் போவாங்க?"

அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.

கட்டிலடியில் உட்கார்ந்திருக்கும்
உன் வீட்டுக்காரன்