பொன்னுக்கு வீங்கியும் உங்கள் சங்கிலியும்

அக்கா,

வேப்பிலையும் மஞ்சளும் அரைத்த வாசனை கையை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. ஆஸ்பத்திரிக் குழாயில் சோப்புப் போட்டும் கழுவிவிட்டேன். சின்னவளின் கன்னத்தில் காலையில் நான் பூசிய பற்று அது. நாமக்கல் பெரியாஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். போன ஐப்பசியில் உங்களைக் கல்லறைத் தோட்டத்தில் வைத்துவிட்டு வந்தவள்தான் நான். ஆனாலும் வேறு யாருக்கு எழுதுவது என்று தெரியவில்லை.

சின்னவளுக்குப் பொன்னுக்கு வீங்கி. இரண்டு கன்னமும் வீங்கி முகமே மாறிவிட்டது. வகுப்பில் பாதிப் பேருக்கு இதுதானாம். அப்படியும் டீச்சர் "இன்னைக்கும் லீவா?" என்று வாட்ஸ்அப்பில் கேட்கிறார். என் வீட்டுக்காரர் போர் போடும் ரிக் வண்டியோடு ஒடிசாவில் கிடக்கிறார். "கழுத்துல பொன்னு போட்டா வடிஞ்சுரும். ஆருகிட்டயாச்சும் ஒரு சங்கிலி வாங்கிப் போடு" என்றார் போனில். என் கழுத்தில் இருப்பது மஞ்சள் கயிறு. எருமப்பட்டியில் நம் தெரு முழுக்கக் கேட்டுப் பார்த்தேன். பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் கதவைத் திறக்கவே யோசித்தார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன?

இப்போது ஹாஸ்டலில் படிக்கிற பெரியவனுக்கு இதே நோய் வந்தபோது, பக்கத்து வீட்டிலிருந்து நீங்களாகத்தான் வந்தீர்கள். "எனக்குச் சின்னதுலயே வந்துருச்சு சாமி, மறுக்கா வராது" என்று உள்ளே நுழைந்து, உங்கள் சங்கிலியைச் சிலுவையோடு கழற்றி அவனுக்குப் போட்டீர்கள். நெற்றியில் திருநீறு, நெஞ்சில் சிலுவை. "மாரியாத்தா கோவிச்சுக்க மாட்டாளாக்கா?" என்றேன். "மாதாவ உட்டுப் பேசச் சொல்றேன்" என்றீர்கள். வயிறு வலிக்கச் சிரித்தோம்.

முழு வருகைப் பரிசு போய்விடுமே என்று அவன் அழுதபோது நேரே பள்ளிக்கூடத்துக்கே போய்விட்டீர்கள். "இவனொருத்தன் பரிசு வாங்கோணும்னு கிளாஸே வீங்கோணுங்களா டீச்சர்?" வீக்கம் வடிகிற வரை அவனை அனுப்ப விடவில்லை. திரும்பி வந்து எனக்கும் ஒரு திட்டு. "பொன்னு அது பாட்டுக்குக் கெடக்கட்டும். புள்ள தலைய வலிக்குதுன்னாலோ, வாந்தி எடுத்தாலோ நிக்காதே. தூக்கிக்கிட்டு ஓடு."

அது காதில் கேட்டுக்கொண்டேதான் இருந்தது. இருந்தும் இன்று காலை ஒரு சங்கிலிக்காக வீடு வீடாக அலைந்தேன். வந்து பார்த்தால் பாயிலேயே வாந்தி எடுத்துக் கிடக்கிறாள். வெளிச்சம் கண்ணைக் குத்துது என்கிறாள், கழுத்தைக் குனிக்க முடியவில்லை. ஆட்டோவில் வருகிற வழியெல்லாம் எனக்கு உங்கள் மேல்தான் கோபம். நீங்கள் இருந்திருந்தால் நான் ஏன் தெருவில் நிற்கப்போகிறேன்? இப்படித் தனியாக விட்டுப் போக உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

மூளைக்காய்ச்சலாக இருக்கலாம், முதுகில் நீர் எடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறார் டாக்டர். உள்ளே தூக்கிப் போய்விட்டார்கள். "அம்மா" என்று அவள் கத்துவது வராந்தா வரை கேட்கிறது. என்னை உள்ளே விடவில்லை.

கதவருகே நர்ஸ் கேட்டார்: "கூட ஆருங்க வந்திருக்கறது?"

"எங்கக்கா வந்திருக்காங்க" என்று சொல்லிவிட்டேன். யோசித்துச் சொன்னதல்ல, வாய் அப்படியே பழகிவிட்டது. அவர் எனக்குப் பின்னால் ஒருமுறை எட்டிப் பார்த்தார்.

"எங்கயும் போயிராம இங்கயே நிக்கச் சொல்லுங்க" என்றார்.

சரிங்க என்றேன்.

நில்லுங்கள் அக்கா.