மிதப்பை எடுக்க நின்ற கப்பல்

இயேசு மரி சூசை

ஸ்காபரோ
12.10.1997

மதிப்புக்குரிய பெரியத்தானுக்கு,

நானும் மகள் கிறிஸ்ரினாவும் ஆண்டவர் புண்ணியத்தில் இருக்கிறோம். நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் நீர்கொழும்பில் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். இந்த இரண்டு வரியும் கடிதத்துக்கு உரிய மரியாதை. இனி எழுதப் போவதில் மரியாதை குறைந்தால் குறையட்டும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கோபத்தை மடித்து எழுத எனக்குத் தெரியாது.

நீங்கள் அனுப்பிய கடதாசி கிடைத்தது. "படகு காற்றில் கவிழ்ந்து என் கணவர் அன்புராசா கடலில் மூழ்கி இறந்தார்" என்று ரைப் அடித்து, நான் கையெழுத்து வைக்க வேண்டிய இடத்தில் பென்சிலால் புள்ளடியும் போட்டிருக்கிறீர்கள். சாட்சி என்ற இடத்தில் உங்கள் கையெழுத்து முந்தியே இருக்கிறது. "செத்தவன் திரும்பி வரப்போறானே மக்டலீன்? காத்தெண்டு போட்டால் மரணச் சேட்டிபிக்கற் தருவினம், விசாரணையும் முடியும், எங்களையும் சும்மா விடுவினம்" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கூடப்பிறந்த தம்பியைப் பற்றித்தான் இப்படி எழுதியிருக்கிறீர்கள். வாசித்துவிட்டு நான் சட்டியைப் போட்ட போட்டில் கீழ்வீட்டுக்காரி வீடு கூட்டுகிற தும்புத்தடியால் தன் வீட்டு முகட்டைத் தட்டினாள்.

ஏன் கையெழுத்து வைக்கமாட்டேன் என்று சொல்வதற்கு முன், நான் வேலை செய்கிற வீட்டுக் கிழவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பொறுமையாக வாசியுங்கள். உங்களுக்கும் அவனுக்கும் சம்பந்தம் இருக்கிறது.

இங்கே பக்கத்தில் வெக்ஸ்போர்ட்டில் தனியே இருக்கிறான், எழுபத்து மூன்று வயது, கிளெக் என்று பெயர். செவ்வாயும் சனியும் பஸ் எடுத்துப் போய் வீடு துப்புரவாக்கிச் சூப்பும் வைத்துக் கொடுப்பேன். ஜப்பான் சண்டையில் வெள்ளைக்காரருடைய நாசகாரிக் கப்பலில் பசிபிக் கடலில் நின்றவன். பிறகு கனடாவுக்குக் குடிவந்தவன். கப்பலின் படம் முன்னறைச் சுவரில் தொங்குகிறது. மெலிந்து நீண்ட சாம்பல் நிறக் கப்பல். நேவியின் பீரங்கிப் படகும் அந்த நிறம்தான், எனக்கு அதைக் கண்ணில் காட்டக் கூடாது, உங்களுக்குத் தெரியும். அந்தக் கப்பல் முதலில் திருகோணமலையில் கட்டிக் கிடந்ததாம். நான் சிலோன் என்று சொன்னதும் "டிரிங்கோ, டிரிங்கோ" என்று கைதட்டினான். மாம்பழம் தின்றானாம். பிறகு அவுஸ்திரேலியாவுக்குப் போய், அங்கிருந்து ஜப்பான் பக்கம் போனார்களாம். விமானங்கள் வந்து கப்பல்களின் மேல் விழுந்து வெடித்ததையும், பக்கத்தில் நின்ற கூட்டாளி எரிந்ததையும் சொல்லி அழுவான். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன்.

யன்னல் தட்டில் ஒரு பச்சைக் கண்ணாடிப் பந்து வைத்திருக்கிறான். தேங்காய் அளவு, சுற்றிவரக் கயிற்றுப் பின்னல். வருகிறவர்கள் அலங்காரச் சாமான் என்று தடவிப் பார்த்துவிட்டுப் போவார்கள். குருநகர்க் கடற்கரையில் பிறந்தவளுக்கு அது அலங்காரமா? ஜப்பான்காரர் கண்ணாடியில் செய்வார்களாம், நாங்கள் றெஜிபோம் என்கிற வெள்ளை நுரைக்கட்டியில் செய்கிறோம். எதில் செய்தாலும் வலை மிதப்பு வலை மிதப்புத்தான். பின்னலில் எல்லா முடிச்சும் பொறுமையாகப் போட்ட முடிச்சு. ஒரு முனை மட்டும் கத்தியால் ஒரே இழுப்பில் வெட்டியது. எட்டு மாதம் தூசி தட்டினேன், எட்டு மாதமும் அந்த முனை என் கண்ணைக் குத்தியது. மிதப்பை வலையிலிருந்து அவிழ்க்கிறதுதான் வழக்கம். சும்மா கிடந்த மிதப்பை ஆரும் வெட்டுவதில்லை.

ஆவணியில் ஒரு சனிக்கிழமை யன்னல் கழுவக் கிறிஸ்ரினாவையும் கூட்டிக்கொண்டு போனேன். "உந்தக் கயித்தை ஆர் வெட்டினதெண்டு கேள்" என்றேன். "அம்மா, பிளீஸ், டோன்ட் ஸ்டார்ட்" என்று பல்லைக் கடித்தாள். "நீ கேளடி" என்றேன். கேட்டாள். சிரித்துக்கொண்டிருந்த கிழவன் தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் மூன்று தரம் எடுத்து எடுத்து வைத்தான். பிறகு சொன்னான்.

நாற்பத்தைந்தாம் ஆண்டு ஆடி மாதமாம். விடியும் நேரம் ஜப்பான் கரைக்கு எதிரே ஒரு சின்ன மீன்பிடிப் படகு நின்றதாம். உளவு பார்க்கிற படகாக இருக்கும் என்று ஆரோ சொல்ல, இரண்டு குண்டு அடித்தார்களாம். புகை போன பிறகு பார்த்தால் தண்ணீரில் வலையும் மீனும், மிதப்புகளைப் பிடித்துக்கொண்டு மூன்று மனிதரும் கிடந்தார்களாம். கப்பல் வேகத்தைக் குறைத்துப் பக்கத்தில் போய் நின்றதாம். மேல்தட்டில் நின்ற ஒருவன் கண்ணாடி மிதப்பைக் காட்டி, வீட்டுக்குக் கொண்டுபோக நல்ல சாமான் என்றானாம். இவனுக்கு அப்போது இருபத்தொரு வயது. கொக்கித் தடியால் மிதப்பைக் கொளுவி இழுத்திருக்கிறான். கயிற்றின் மற்ற முனையைத் தண்ணீரில் கிடந்த ஒருவன் பிடித்துக்கொண்டு இவன் முகத்தைப் பார்த்து ஒரே சொல்லை இரண்டு தரம் சொன்னானாம். இவன் கத்தியை எடுத்து வெட்டினான். பிறகு, விமானம் வரும், நிற்கக் கூடாது என்று கட்டளை வந்ததாம். கப்பல் போய்விட்டது.

மிதப்பை எடுக்க நின்றது அந்தக் கப்பல். மனிதரை எடுக்க நிற்கவில்லை.

நான் தும்புத்தடியை அவன் காலடியில் எறிந்தேன். "அம்பத்திரண்டு வருசம் உந்த மிதப்பை யன்னலிலை வச்சுப் பாத்தனியே, உனக்குச் சாப்பாடு இறங்கினதே?" என்று தமிழிலேயே கத்தினேன். கிறிஸ்ரினா மொழிபெயர்க்கவில்லை. தேவைப்படவும் இல்லை. கிழவன் எழும்பிப் போய் ஒரு சின்னப் புத்தகம் கொண்டுவந்தான். கப்பலில் கூட நின்றவர்கள் தங்கள் ஒன்றுகூடலுக்காக அச்சடித்த புத்தகம், கப்பலின் சரித்திரம். அந்த நாளைத் தேடிக் காட்டினான். கிறிஸ்ரினா வாசித்துத் தமிழில் சொன்னாள்: "காலநிலை மோசம். விசேடம் ஒண்டும் இல்லை." கடல் அன்றைக்கு எப்படிக் கிடந்தது என்று கேட்கச் சொன்னேன். குளம் போலக் கிடந்தது என்றான்.

அங்கேயும் காற்றுத்தான், பெரியத்தான்.

இரண்டு கிழமை நான் அந்தப் பக்கம் போகவில்லை. போன் அடித்தான், எடுக்கவில்லை. மூன்றாம் கிழமை என் குளிர்ச் சப்பாத்தை எடுத்து வரலாம் என்று போனேன். புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு இருந்தான். அந்த வரியின் கீழே நீல மையில் படகையும் மூன்று மனிதரையும் தான் வெட்டிய கயிற்றையும் எழுதித் தன் பெயரையும் வைத்திருந்தான். போன சனிக்கிழமை ஒஷாவாவில் நடந்த ஒன்றுகூடலில் எழும்பி நின்று அதை வாசித்தானாம். இரண்டு பேர் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்களாம். பிறகு ஒருவரும் தன்னோடு கதைக்கவில்லை என்றான். கதைக்காமல் விடட்டும் என்றேன். நான் அவனை மெச்சவில்லை. மன்னிக்கவும் இல்லை. மன்னிக்கிறதென்றால் ஜப்பானில் தன் மனுசன் வருவான் என்று கரையில் பார்த்துக்கொண்டு நின்றவள் மன்னிக்க வேண்டும், அது என் வேலை இல்லை. அவளுக்கும் காற்று என்றுதான் ஆரேனும் சொல்லியிருப்பார்கள். ஆனால் எழுதினான். சாகிற வயதில் என்றாலும் எழுதினான்.

இனி உங்களுக்கு வருகிறேன்.

தொண்ணூற்றொன்று பங்குனி. அன்று நான் கொடியில் போட்ட சீலை அசையவில்லை. நீங்களும் அவருமாக இரண்டு பேர் தொழிலுக்குப் போய், நீங்கள் தனியே வந்தீர்கள். காற்றுக்குப் படகு கவிழ்ந்தது, நிமிர்த்திக்கொண்டு வந்தேன் என்றீர்கள். அடுத்த நாள் விடிய அதே படகின் எஞ்சினை ஒரே இழுப்பில் ஸ்ராட் பண்ணினீர்கள். உப்புத் தண்ணீர் குடித்த எஞ்சின் ஒரே இழுப்பில் வேலை செய்யுமா? நான் கரையில் நின்று பார்த்தேன். நீங்கள் என்னைப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் எங்கள் வலை மிதப்பு கரை ஒதுங்கியது. அவர் சிவப்பு மையால் போட்ட எங்கள் அடையாளம். கயிறு வெட்டியபடி. காற்று அடித்தால் வலையைக் கிடக்க விட்டு வந்து, பிறகு மிதப்பைப் பார்த்து எடுப்போம். நேவியின் பீரங்கிப் படகு துரத்தினால்தான் வெட்டிவிட்டு ஓடுவோம். கரையில் நின்ற எல்லாருக்கும் அது தெரியும். எல்லாரும் வாயை மூடினார்கள். நானும் மூடினேன், பயத்தில்.

ஒன்றை மட்டும் நான் ஆருக்கும் சொல்லவில்லை, கிறிஸ்ரினாவுக்குக் கூட. வெட்டிய முனையில் ஒரு தடம் போட்டு முடிந்திருந்தது, ஒரு கை போகிற அளவு வளையம். அவர் இடக்கைக்காரர். அவர் போடுகிற முடிச்சு மறுபக்கம் புரண்டு விழும். நான் பதினான்கு வருசம் அவரோடு இருந்து கிழிந்த வலை பொத்தினவள், எனக்குத் தெரியாதா? நீங்கள் கயிற்றை வெட்டிய பிறகு அவர் போட்ட முடிச்சு அது. நீங்கள் போன பிறகு தண்ணீரில் உயிரோடு கிடந்து, தன்னை மிதப்போடு கட்டியிருக்கிறார். தாழப் போகிறவன் கட்டமாட்டான். ஆள் வரும் என்று காத்திருக்கிறவன்தான் கட்டுவான்.

அந்த மிதப்பு இப்போது என் படுக்கைக்குப் பக்கத்தில் இருக்கிறது. தடம் வெறுமையாகத்தான் வந்தது.

நீங்கள் ஓடியதற்காக நான் உங்களைச் சபிக்கவில்லை. உங்களுக்கும் நாலு பிள்ளைகள், பின்னால் பீரங்கி. அந்த இடத்தில் நான் நின்றிருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது. ஆறரை வருசமாக என் கோபம் முழுக்க அந்தக் காற்றின் மேல்தான்.

கடதாசியை இதோடு திருப்பி அனுப்புகிறேன், கையெழுத்து இல்லை. புள்ளடியை அழித்திருக்கிறேன். பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது. அதில் உங்கள் கையால் எழுதுங்கள். ஒபீசுக்கு வேண்டாம், எனக்கு மட்டும். பிரித்து வாசிப்பார்கள் என்று இந்தக் கடிதத்தைத் தபாலில் போடாமல், இங்கிருந்து ஊருக்கு வருகிற நம்மாள் பேனாட்டின் கையில்தான் தந்துவிடுகிறேன், மார்கழியில் அவர் திரும்பும்போது அவரிடமே கொடுங்கள். எங்கே நின்றீர்கள், எப்படி விழுந்தார், எத்தனை மணி, எல்லாம் எழுதுங்கள். அவர் கூப்பிட்டாரா? கூப்பிட்டிருந்தால் ஆரைக் கூப்பிட்டார்? அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். வாசித்துவிட்டு நான் அழாமல் இருப்பேன், ஏசாமல் இருப்பேன் என்று சத்தியம் பண்ணமாட்டேன். ஆனால் அதற்குப் பிறகும் உங்களைப் பெரியத்தான் என்றுதான் கூப்பிடுவேன்.

நீங்கள் இப்போதும் தொழிலுக்குப் போகிறீர்கள் என்று அக்கா எழுதியிருந்தா. மாதா உங்களைக் காக்கட்டும். ஒருநாள் நீங்கள் தண்ணீரில் கிடக்க நேர்ந்தால், உங்களுக்காக ஒரு படகு நிற்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி பெண்சாதி
மக்டலீன்