ஒற்றைக் கைச் சட்டை

மார்ச் 4
டேப் மறுபடியும் சுருங்கிவிட்டது. என் இடுப்பை நாற்பத்திரண்டு என்கிறது. போன மாதம்தான் புதிது வாங்கினேன். பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுக்கிறவர், “மாஸ்டர், எத்தனை மாசம்?” என்றார். தையல் கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்தால் மூச்சு வாங்குகிறது.

மார்ச் 9
என் மனைவி தரதரவென்று இழுத்துப் போய் ஸ்கேன் எடுக்க வைத்தாள். டாக்டர் படத்தை வெகுநேரம் பார்த்தார். சாதாரணக் கட்டி இல்லையாம். என் இரட்டையாம். கருவிலேயே எனக்குள் மாட்டிக்கொண்டு, என் ரத்தத்தில் வளர்ந்திருக்கிறது. கொஞ்சம் முதுகெலும்பு, முடி, ஒரு கை. தனியாக உயிர் கிடையாது. “ரொம்ப அபூர்வம்” என்று கை குலுக்கினார்.

வீடு வந்ததும் இவள் சோற்றுப் பானையைத் திறந்து பார்த்தாள். பிறகு, “அதான் ரெண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டீங்களா?” என்றாள்.

மார்ச் 10
காஜாக்காரருக்குப் பதில் சொல்லிவிட்டேன். “நாப்பத்தோரு வருஷம்.”

மார்ச் 12
எடுக்காவிட்டால் நுரையீரலை நசுக்கிவிடுமாம். அம்மா எடுக்கவே கூடாது என்கிறாள். “என் புள்ளைய வெட்டித் தூக்கிப் போடுவாங்களா?” — மூன்று நாளாக ஒரே அழுகை. முகமே இல்லாதவனுக்கு இவ்வளவா? பற்றிக்கொண்டு வந்தது. கத்திவிட்டேன். “நானும் உன் புள்ளதாம்மா! மூச்சு முட்டுது எனக்கு, பயமா இருக்கு!”

அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “சரி. எடுத்துக்கோ. ஆனா அவனை வெறும் உடம்போட அனுப்பக் கூடாது. ஒரு சட்டை தச்சுடு.”

மார்ச் 15
டாக்டரிடம் அளவு கேட்டேன். “எதுக்குங்க?” என்று முழித்தார். தைக்க என்றேன். படத்தைப் பார்த்துச் சொன்னார். நீளம் ஒரு சாண். இடது கை மட்டும்.

மெல்லிய பருத்தியில் வெட்டினேன். காஜாக்காரர் மூன்று காஜா எடுத்துத் தந்தார். யாருக்கு என்று கேட்கவில்லை.

மார்ச் 19
நாளைக்கு ஆபரேஷன். தூக்கம் வரவில்லை.

ஏப்ரல் 6
இடுப்பு முப்பத்தாறு. டேப் மேல் தப்பில்லை.

ஆஸ்பத்திரியில் பெட்டியில் வைத்துக் கொடுத்த அவனுக்கு அம்மாவே சட்டை போட்டுவிட்டுப் புதைத்தாளாம். நான் அப்போது மயக்கத்தில் இருந்தேன். இன்றைக்குத்தான் மெல்லச் சொன்னாள்: “சட்டை தொளதொளன்னு இருந்துச்சுடா.”

எப்படி? டாக்டர் சொன்ன அளவில்தானே வெட்டினேன்?

சாப்பிட்டுக் கை கழுவும்போதுதான் உறைத்தது. குழந்தைத் துணி என்றால், வளருமே என்று இரண்டு விரல் அகலம் கூடுதலாக விட்டுத்தான் வெட்டுவேன். இதற்கும் அப்படியே விட்டிருக்கிறேன்.